தாமரை என்று வாங்கிய அல்லி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பண்டார் தெங்காராவில் எங்கள் வரிசையின் கடைசி வீட்டு அக்கா ஒரு சனிக்கிழமைக் காலை என்னைக் கூப்பிட்டுத் தன் வாசலில் நிறுத்தினார். கார் நிறுத்தும் இடத்தின் ஓரமாகக் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி ஒன்று. முக்கால் அளவுக்குத் தண்ணீர், அடியில் களிமண். மேலே நாலு வட்ட இலைகள் மிதந்தன. நடுவில் விரல் நீளத்துக்கு ஊதா மொட்டு ஒன்று தலை நீட்டியிருந்தது.

“பதினெட்டு வெள்ளி, தம்பி. நர்சரிக்காரன் தெராத்தாய்ன்னான். தாமரைதானே? பூத்ததும் இதழைக் கொதிக்க வெச்சிக் குடிக்கலாம்னு இருக்கேன். பிரஷருக்கு நல்லதாம்.”

குனிந்து ஓர் இலையைப் பிடித்துப் பார்த்தேன். விளிம்பிலிருந்து காம்பு சேரும் இடம்வரை ஒரு வெட்டு, தோசையில் ஒரு விள்ளல் பிட்டு எடுத்தது போல. கையை நனைத்து நாலு சொட்டு தெளித்தேன். சொட்டுகள் இலைமேல் தட்டையாகப் படிந்தன. உருண்டு ஓடவில்லை.

“தாமரை இல்லக்கா. அல்லி.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

வாசலில் நின்றபடி அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இங்கே முயல்கிறேன்.

கண்ணுக்குத் தெரிவதை முதலில் பார்த்துவிடலாம். தாமரை இலை முழு வட்டம், வெட்டு கிடையாது. காம்பு, குடைக்கம்பி போல அடியில் நடுவே வந்து சேரும். இளஞ்செடியின் முதல் இலைகள் காசு காசாக நீரில் மிதக்கும். பிறகு வருபவை தண்ணீரை விட்டு எழுந்து காற்றில் ஆடும். அல்லி இலை பெரும்பாலும் கடைசிவரை நீரில் படுத்தே கிடக்கும். பூவைப் பிரித்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. தாமரையின் நடுவில் பொகுட்டு இருக்கும், ஷவரின் முகம் போலத் துளைத்துளையாக, துளைக்கு ஒரு விதை. அல்லிக்கு அது கிடையாது. அதன் காய் தண்ணீருக்கடியில் பழுத்து, கடுகளவு விதைகளை உதிர்க்கும். தாமரைத் தண்டை ஒடித்து மெல்ல இழுத்தால் சிலந்தி இழை மாதிரி நூல் வரும். பூசைக்கடைகளில் தாமரைத்தண்டுத் திரி என்று விற்பது இதை வைத்துத்தான். மியன்மாரின் இன்லே ஏரிப் பக்கம் இந்த நூலையே திரித்துத் துணி நெய்கிறார்கள்.

இவ்வளவு வேறுபாடு இருந்தும் தாவரவியலாளர்கள் இரண்டையும் ஒரே குடும்பமாகத்தான் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். இரண்டும் குளத்துச் செடி, வட்ட இலை, பெரிய பூ, சேற்றில் கிழங்கு. பார்த்தால் அக்கா தங்கை மாதிரி. 1990களில் டிஎன்ஏவை வைத்துக் குடும்ப மரம் வரையத் தொடங்கியதும் அந்த உறவு முறிந்தது. 1993இல் வெளியான பெரிய மரபணு ஒப்பீடு ஒன்று தாமரையை அல்லியின் பக்கத்திலிருந்து தூக்கி, யாரும் எதிர்பாராத ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்தது. இன்றைய கணக்கில் தாமரையின் நெருங்கிய உறவுகள் காஷ்மீரத்துச் சினார் மரமும், விமான நிலையச் சாக்லேட் பெட்டிகளில் வரும் மக்கடேமியா கொட்டை மரமும்தான். அல்லி அந்தப் பக்கமே இல்லை. பூக்கும் தாவரங்களின் மரத்தில் முதலில் பிரிந்த கிளை நியூ கலிடோனியாத் தீவின் அம்போரெல்லா என்ற குறுமரம், அடுத்து பிரிந்தது அல்லிக் கூட்டம் என்று 1999இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பிரிவு அது. அக்காவின் தொட்டியில் மிதந்த அல்லிக்குத் தாமரை எவ்வளவு தூரமோ, வாசலுக்கு எதிரே நின்ற செம்பனையும் ஏறத்தாழ அவ்வளவு தூரம்.

குளம் என்ற ஒரே வீட்டில் குடியிருந்ததால் இரண்டுக்கும் ஒரே சாயல் வந்தது. திமிங்கலத்துக்கும் சுறாவுக்கும் துடுப்பு வந்த மாதிரி.

வேடிக்கை என்னவென்றால், மரபணு சொன்ன இந்தச் செய்தியைப் பழைய மொழிகள் தங்கள் வழியில் முன்பே பிடித்து வைத்திருந்தன. தமிழில் தாமரை ஒரு பக்கம். ஆம்பல், அல்லி, குவளை, கழுநீர், நெய்தல் எல்லாம் இன்னொரு பக்கம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 பூக்களில் ஆம்பல், குவளை, தாமரை, நெய்தல் நான்கும் தனித்தனிப் பூக்களாகவே வருகின்றன. கடலோர நிலத்துக்கே நெய்தல் என்று பூவின் பெயரைத்தான் வைத்தோம். கணக்கில் அடங்காத பேரெண்களுக்கும் தாமரை, ஆம்பல், குவளை என்று பெயர் இட்டிருந்தோம். தாமரை பகலில் விரியும், ஆம்பல் நிலவுக்கு விரியும் என்று புலவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதும் வெறும் அலங்காரம் இல்லை. அல்லிக் கூட்டத்தில் வெள்ளையும் சிவப்பும் பூக்கும் ஒரு பிரிவு அந்தியில் மலர்ந்து மறுநாள் முற்பகலில் கூம்புகிறது. நீலமும் ஊதாவும் பூக்கும் வேறொரு பிரிவு பகல் பூ. புலவர் குளக்கரையில் நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்.

வடமொழி மருத்துவ நூலும் இதில் கறார்தான். சரக சம்ஹிதை சிறுநீரின் நிறத்தை இயல்புக்குக் கொண்டுவரும் பத்துச் சரக்குகளை ஒரு தொகுப்பாகச் சொல்கிறது. பத்தில் ஏழு, தாமரையும் அல்லியும்தான்: பத்மம், உத்பலம், நளினம், குமுதம், சௌகந்திகம், புண்டரீகம், சதபத்ரம். ஒரே மருந்துக்கு ஏழு நீர்ப்பூவை ஏழு பெயரில் எழுத வேண்டுமென்றால், எழுதியவர் ஏழையும் வேறுவேறாகப் பார்த்திருக்க வேண்டும். பின்னால் வந்தவர்களுக்கு எந்தப் பெயர் எந்தப் பூ என்பதே வழக்காகிப்போனது தனிக்கதை.

நாம் அந்தப் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சூட்டிவிட்டு மறந்துவிட்டோம். இங்கே பழைய தோட்டப்பள்ளி வருகைப் பதிவேடு ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். கமலா, பத்மா, சரோஜா, அம்புஜம், பங்கஜம், நளினி, அரவிந்தன். ஏழு பேரும் தாமரை. குமுதா மட்டும் அல்லி. மலாய்க்காரர்கள் தாமரையைச் சொல்லும் செரோஜா, நம்முடைய சரோஜாவேதான், கப்பலேறி வந்தவள். ஆனால் கடைத்தெரு மலாயில் எல்லாமே தெராத்தாய். தாமரையும் தெராத்தாய், அல்லியும் தெராத்தாய். நர்சரிக்காரர் அக்காவை ஏமாற்றவில்லை. அவர் மொழி அவருக்குக் கொடுத்த சொல்லைத்தான் சொன்னார்.

ஐரோப்பாவில் நடந்தது இதைவிடக் குழப்பம். கொச்சியில் டச்சுக் கம்பெனியின் தளபதியாக இருந்த வான் ரீட், மலையாள வைத்தியர் இட்டி அச்சுதன் முதலானவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற 12 பகுதித் தாவர நூலைத் தொகுத்தார், அது 1678 முதல் 1693 வரை வெளிவந்தது. நீர்ச்செடிகள் வரும் 11ஆம் பகுதியில் தாமரை தாமரையாகவும் ஆம்பல் ஆம்பலாகவும் அந்தப் பெயர்களிலேயே அச்சேறின. 1753இல் லின்னேயஸ் அந்த இரண்டையும் ஒரே பேரினத்துக்குள் போட்டுத் தாமரைக்கு ‘நிம்ஃபேயா நெலும்போ’ என்று பெயர் வைத்தார். பத்து வருஷத்தில் அடன்சன் என்ற பிரெஞ்சுக்காரர் நெலும்போவைத் தனிப் பேரினமாகப் பிரித்தெடுத்தார். நெலும்போ என்பது சிங்களவர் தாமரைக்குச் சொல்லும் நெலும். ஆக, உலகத் தாவரவியல் தாமரையை இன்றும் இலங்கைக் குளத்துப் பெயராலேயே கூப்பிடுகிறது.

அந்த இலங்கையிலேயே ஒரு பெயர்க் குழப்பம் நடந்தது. 1986இல் ‘நில் மானெல்’ தேசிய மலராயிற்று. நம் நீலோற்பலம், குவளை என்பதெல்லாம் அதுவே. அஞ்சல் படம், பாடப்புத்தகம், கோயில் வாசல் பூத்தட்டு எல்லா இடத்திலும் பளிச்சென்ற ஊதாப் பூ ஒன்று நில் மானெல் என்ற பெயரில் வலம் வந்தது. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னால் இதழையும் இலையையும் எடுத்துவைத்து ஒப்பிட்டபோது, அந்த ஊதாக்காரி வெளியிலிருந்து வந்த அலங்காரச் செடியின் கலப்பு என்று தெரிந்தது. உண்மையான நில் மானெல் வெளிர்நீலம், கொஞ்சம் சாதுவான பூ. பளிச்சென்று இருப்பது முன்னால் வந்து நின்றால் சாதுவானதை யார் கவனிக்கிறார்கள்? அக்காவின் மொட்டும் பளிச்சென்ற ஊதாதான். அதன் தாய் தகப்பன் யாரென்று நர்சரிக்காரருக்கே தெரிந்திருக்காது.

அக்காவின் மகன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, “அம்மா, இது ப்ளூ லோட்டஸ். எகிப்து சாமிப்பூ. தூக்கத்துக்கு வேப்ல போட்டு இழுக்கிறாங்க,” என்றான். அவன் சொன்னதில் பாதி சரி.

எகிப்தியரின் புனிதப் பூ தாமரை இல்லை, நீல அல்லிதான். நிம்ஃபேயா செருலியா என்பது அதன் பெயர், நம் நீலோற்பலத்துக்கு நெருங்கிய சொந்தம். காலையில் விரிந்து மதியம் கூம்பும் பூவைப் பார்த்துச் சூரியனே அதற்குள் போய்த் தூங்கி எழுகிறான் என்று நினைத்தார்கள். நெஃபெர்த்தெம் என்ற கடவுள் தலையில் இந்தப் பூவோடு நிற்பார். இரண்டாம் ராம்செஸ் மன்னரின் பதனிட்ட உடல் மேல் இதன் இதழ்கள் இருந்தன. 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துத்தன்காமன் கல்லறையிலும் ஆலிவ் இலையோடு சேர்த்துக் கட்டிய மாலையில் இதன் இதழ் கிடைத்தது. 3,300 வருஷத்துச் சருகு. உண்மையான தாமரை பாரசீகர் காலத்தில்தான் நைல் பக்கம் வந்தது என்பது பொதுவான கருத்து. எகிப்துக்குப் போன ஹெரடோட்டஸ் இரண்டையும் பார்த்து, இரண்டாவது செடியின் காய் குளவிக்கூடு போல இருக்கிறது என்று எழுதி வைத்தார். பொகுட்டை அதைவிட நன்றாக யாரும் வர்ணிக்க முடியாது. கிரேக்கர் தங்கள் ‘லோட்டோஸ்’ என்ற சொல்லை மரம், புல், நீர்ப்பூ என்று அகப்பட்டதற்கெல்லாம் சூட்டினார்கள். ஆங்கிலத்தின் லோட்டஸ் அங்கிருந்து வந்தது. நீல அல்லி லோட்டஸ் ஆனது இந்த வழியில்தான்.

எகிப்தியர் இதை ஒயினில் ஊறவைத்துக் குடித்து மயங்கினார்கள் என்பது இன்று இணையக் கடைக்காரர் அத்தனை பேரும் சொல்லும் கதை. சுவரோவியத்தில் விருந்தினர் கையிலும் தலையிலும் பூ இருக்கிறது, கோப்பைகளின் மேலும் இருக்கிறது. கோப்பைக்குள் என்ன இருந்தது என்று ஓவியம் சொல்லாது. இன்றைய கோப்பை பற்றி நமக்குத் தெரியும். நீல அல்லிச் சாற்றை வேப்பில் இழுத்தும் பானத்தில் கலந்தும் சித்தம் கலங்கி மருத்துவமனைக்கு வந்த 5 அமெரிக்கப் படையினரைப் பற்றி 2023இல் ஒரு இராணுவ மருத்துவ இதழ் எழுதியது. போலந்தும் ரஷ்யாவும் இந்தச் செடியைத் தடை செய்திருக்கின்றன.

அந்த மயக்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் நியூசிஃபெரின் என்ற ஆல்கலாய்டு நீல அல்லியிலும் இருக்கிறது, தாமரை இலையிலும் இருக்கிறது. பெயரே தாமரையின் அறிவியல் பெயரான ‘நெலும்போ நியூசிஃபெரா’விலிருந்து வந்தது. அத்தனை கோடி ஆண்டுத் தூரத்து உறவில் ஒரே வேதிப்பொருள்! மூளையின் டோபமைன், செரடோனின் வாங்கிகளில் நியூசிஃபெரின் என்ன செய்கிறது என்று 2016இல் விரிவாகப் பார்த்தார்கள். சில மனநோய் மருந்துகள் நடந்துகொள்ளும் விதத்துக்கு அது கிட்டத்தில் இருந்தது. எலியின் இரத்தக்குழாய்த் துண்டுகளை அது தளர்த்துவதும் ஆய்வகத்தில் பதிவாகியிருக்கிறது. ‘பிரஷருக்கு நல்லது’ என்ற பேச்சுக்கு இந்த அளவுக்கு ஓர் அடிப்படை உண்டு. ஆனால் எலியின் குழாய்த் துண்டு வேறு, காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு பாசாருக்குக் கிளம்பும் அக்கா வேறு. அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையின் மேல் அதையே செய்யும் இன்னொன்றை அளவு தெரியாமல் ஊற்றினால், அழுத்தம் வேண்டியதற்கும் கீழே இறங்கலாம். தலைசுற்றி விழுவது வயதானவர்களுக்குச் சாதாரண விபத்து இல்லை.

மருந்து என்றதும் சித்த மருத்துவத்தைத் தொடாமல் போக முடியாது. அங்கே தாமரை குளிர்ச்சிக்குப் பேர்போனது. வெண்தாமரை இதழைக் குடிநீராகவும் மணப்பாகாகவும் உடற்சூடு, இரத்த மூலம், நெஞ்சுப் படபடப்பு என்று கொடுப்பார்கள். வெண்தாமரைக்கு ஒரு குணம், செந்தாமரைக்கு ஒரு குணம், பூந்தாதுக்கு ஒன்று, விதைக்கு ஒன்று, கிழங்குக்கு ஒன்று. அல்லியும் குளிர்ச்சிதான், நீர்க்கடுப்புக்கும் தாகத்துக்கும் அது. ஆயுர்வேதத்தில் அரவிந்தாசவம் இருக்கிறது. அரவிந்தம் என்றாலே தாமரை. நம் வீடுகளில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதைக் குடித்து வளர்ந்தார்கள். ஆசவம் என்பது நொதிக்க வைத்த மருந்து, தானாக உண்டாகும் கொஞ்சம் சாராயம் அதில் இருக்கும். அழுத பிள்ளை குடித்ததும் அமைதியானது தாமரையாலா அந்தக் கொஞ்சத்தாலா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

இங்கேயும் பெயர்தான் வில்லன். திருவாரூரில் ‘கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி’ என்பார்கள். வேலி என்பது சுமார் ஆறே முக்கால் ஏக்கர், ஆக ஐந்து வேலி 33 ஏக்கருக்குச் சற்று மேல். குளம் கமலாலயம், தாமரை வீடு. ஓடை செங்கழுநீர் ஓடை, தியாகராசருக்கு உகந்த செங்கழுநீர்ப் பூவின் பெயரில். தாமரைக்கு ஒன்று, அல்லிக் கூட்டத்துக்கு ஒன்று என்று சரிபாதியாக அளந்து கொடுத்த ஊர். அதே செங்கழுநீர்ப் பெயரைச் சொல்லிக் கேரளத்து மருந்துக்கடையில் கிழங்கு கேட்டால் கைக்கு வருவது குளத்துச் செடியே கிடையாது. இஞ்சிக் குடும்பத்துக் கெம்ப்ஃபேரியா ஒன்றின் கிழங்கு. இரண்டும் மருந்துதான், இரண்டுக்கும் பழைய நூலில் இடம் உண்டு, ஆனால் ஒன்றுக்கு எழுதிய குணம் மற்றதில் இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

செடியாக இருந்தால் இலையின் வெட்டைப் பார்க்கலாம். பொடியாக வந்தால்? வெண்தாமரைப் பொடி என்று பொட்டலத்தில் எழுதியிருந்தால் நம்புவதைத் தவிர நமக்கு வழியில்லை. நுண்ணோக்கிக்கு வழி உண்டு. அல்லியின் திசுக்களில் நட்சத்திரம் போலக் கிளை விரித்த கடினமான செல்கள் இருக்கின்றன, மேலெல்லாம் நுண்படிகங்கள் ஒட்டியபடி. கண்ணாடிச் சில்லில் ஒரு சிட்டிகைப் பொடியை வைத்து அந்த நட்சத்திரம் தென்பட்டால், பொட்டலத்தில் இருப்பது தாமரை இல்லை. மலேசியாவில் இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. பாரம்பரிய மருந்தாக விற்பதற்கு ‘மால்’ என்று தொடங்கி ‘டி’ என்று முடியும் பதிவு எண் வேண்டும். வைத்தியம் செய்பவர்களுக்கு 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் இருக்கிறது, சித்த மருத்துவமும் அதற்குள் வருகிறது. பாசார் மாலாமில் நெகிழிப்பையில் கட்டித் தொங்கும் பொடியில் எந்த எண்ணும் இருப்பதில்லை.

பண்டார் தெங்காராவுக்கென்று இன்னொரு கவலையும் உண்டு. தென்கிழக்கு ஜொகூரின் காட்டை அழித்து வளர்ச்சி வாரியம் கட்டிய ஊர்களில் இது ஒன்று. வாரியம் தொடங்கியது 1972இல். சுற்றிலும் செம்பனை. ஆண்டு முழுக்க மழை என்பதால் பள்ளம் எல்லாம் குட்டை, குட்டை எல்லாம் அல்லி. வண்டியை நிறுத்தி இறங்கினால் காசில்லாமல் ஒரு கை பூ பறிக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீர் தோட்டத்து வரிசைகளைக் கழுவிக்கொண்டு வந்தது, உரமும் களைக்கொல்லியும் அதிலேதான் இறங்கும். பாராகுவாட்டை 2020இல் தடை செய்தார்கள், மற்றவை இருக்கின்றன. சேற்றில் இருக்கும் கன உலோகங்களை இழுத்துச் சேர்த்துக்கொள்வதில் நீர்ச்செடிகள் கெட்டிக்காரர்கள். கழிவுநீரைச் சுத்தம் செய்ய அவற்றை நடுவதே இதனால்தான். சாலையோரக் குட்டைப் பூவைக் கண்ணுக்கு வைத்துக்கொள்வோம்.

தாமரையைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கிருந்து வடக்கே பகாங் மாநிலத்தின் தாசேக் சினிக்குப் போகச் சொல்வார்கள். ஏரி நிறையச் செந்தாமரை என்று ஒரு காலத்தில் பேர். 2009இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது. அதற்குள்ளேயே ஏரிக்குச் சங்கடம் தொடங்கியிருந்தது. 1990களின் நடுவில் சினி ஆற்றில் கட்டிய தடுப்பணை நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை மாற்றியது. பிறகு மீன்தொட்டிச் செடியான கபொம்பா உள்ளே நுழைந்து பரவியது, தாமரை சுருங்கியது. கபொம்பா யார் தெரியுமா? அல்லிக் கூட்டத்தைச் சேர்ந்தவள், அல்லிக்குச் சித்தி மகள் முறை. தாமரைக்கும் அல்லிக்கும் உறவில்லை என்று இத்தனை நேரம் நான் வாதாடியதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி கிடையாது.

தாமரை தனியாள் என்பதற்கு அதன் உடம்பே சொல்லும் சில செய்திகள் உண்டு. ‘தாமரை இலைத் தண்ணீர்’ என்று நாம் சொல்வதை மலாய்க்காரர்கள் சேம்பிலையை வைத்துச் சொல்கிறார்கள். புத்தி சொல்லியும் ஏறாதவனுக்கு ‘சேம்பிலையில் நீர் ஊற்றியது போல’ என்பது அவர்கள் பழமொழி. இரண்டு ஊரும் சரியான இலையைத்தான் பிடித்திருக்கின்றன, ஏனென்றால் இரண்டிலும் நடப்பது ஒரே வித்தை. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்து பார்த்லாட்டும் நைன்ஹுய்ஸும் 1997இல் அதை விளக்கினார்கள். இலைமேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், மேடுகளின் மேல் மெழுகுக் குழல்கள். தண்ணீர்ச் சொட்டு மேட்டு முனைகளில் மட்டும் உட்கார்ந்து, அடியில் காற்றோடு நிற்கிறது. பரவ முடியாமல் உருள்கிறது, உருளும்போது தூசியை ஒட்டிக்கொண்டு போகிறது. வெளிச்சுவர் வண்ணப்பூச்சு ஒன்று இந்த வித்தையைப் பின்பற்றியே சந்தைக்கு வந்தது. அக்காவின் தொட்டியில் நான் தெளித்த நாலு சொட்டு, பான் நகரத்துச் சோதனையின் ஏழை வடிவம்.

அதைவிட எனக்கு ஆச்சரியம் பூவின் சூடு. அடிலெய்ட் தாவரத் தோட்டத்தில் செய்மூரும் ஷுல்ட்சே மோட்டலும் தாமரைப் பூவுக்குள் வெப்பமானி வைத்தார்கள். 1996இல் முடிவு வெளியானது. வெளியே 10 டிகிரி செல்சியஸ் குளிரில்கூடப் பூவின் உள்ளே 30 முதல் 36 டிகிரி. குளிர் கூடக்கூடப் பொகுட்டு மாவுச்சத்தை அதிகம் எரித்துச் சூட்டைக் கட்டுக்குள் வைக்கிறது, நம் உடம்பு செய்கிற மாதிரியே. ராத்திரி பூவுக்குள் தங்கும் வண்டுக்கு இது சூடேற்றிய அறை. மறுநாள் அது மகரந்தத்தோடு தெம்பாகக் கிளம்புகிறது. ஜொகூரின் ராத்திரியில் வண்டுக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்கலாம். தாமரை இங்கே மட்டும் வாழ்கிற செடி இல்லையே, பனி பெய்யும் நாடுகள்வரை பரவியிருக்கிறது.

விதையோ இன்னும் பிடிவாதம். 1951இல் ஜப்பானின் சிபாவில் ஓகா இச்சிரோ என்ற தாவரவியலாளர் பழைய சேற்றுப்படிவிலிருந்து மூன்று விதைகளை எடுத்தார். ஒன்று பிழைத்து அடுத்த ஆண்டு பூத்தது. கிட்டத்தட்ட 2,000 ஆண்டுப் பழமை என்று அவர் கணித்தார். வடகிழக்குச் சீனத்தின் வறண்ட ஏரிப்படுகையிலிருந்து கிடைத்த விதை ஒன்றைக் கலிஃபோர்னியாவின் ஷென் மில்லர் குழு முளைக்க வைத்தே வயதும் கணித்தது. சுமார் 1,300 ஆண்டு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முந்தியது.

அக்காவின் மொட்டு செவ்வாய்க்கிழமை விரிந்தது. காலை ஒன்பது மணிக்குப் போனேன். நடுவில் கிண்ணம் போன்ற குழி, குழியில் கண்ணீர் மாதிரித் திரவம், அதில் ஒரு சின்ன ஈ செத்து மிதந்தது. அல்லி முதல் நாள் பெண், மகரந்தத்தோடு வரும் பூச்சி வழுக்கி அந்தத் திரவத்தில் விழுந்தால் மகரந்தம் கழுவப்பட்டுச் சூலகத்துக்குப் போகும். பூச்சி தப்பினால் அதன் யோகம். இரண்டாம் நாள் குழி மூடி, அதே பூ ஆணாகி மகரந்தம் கொடுக்கும். அக்காவிடம் இதைச் சொன்னதும் முகம் சுளித்து, “ஈ செத்த தண்ணியையா கொதிக்க வெச்சிருப்பேன்?” என்றார். இத்தனை மரபணுக் கதை செய்யாததை அந்த ஈ செய்தது. தொட்டியில் நாலு கப்பி மீன் விடச் சொன்னேன். கொசுப்புழு கண்டால் சுகாதார இலாகா 500 வெள்ளி வரை அபராதம் போடும், அது 1975ஆம் வருஷத்துச் சட்டம்.

நாலைந்து நாளில் பூ காணாமல் போயிற்று. யாரோ பறித்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டவரிடம் தண்ணீருக்குள் கையை விடச் சொன்னேன். காம்பு பாம்பாகச் சுருண்டு பூவை அடிக்கு இழுத்திருந்தது. விதை முற்றும்வரை அது அங்கேதான் இருக்கும்.

அடுத்த வாரம் அக்கா ஒரு கிண்ணத்தை நீட்டினார். சின்சே கடையில் தாமரை விதை வாங்கிப் பாசிப்பருப்போடு பாயசம் வைத்திருந்தார். “இது அசல் தாமரை, பாக்கெட்டுலயே படம் போட்டிருக்கான்.” விதை நன்றாக வெந்து வேர்க்கடலைபோல மாவாகக் கரைந்தது. அந்த விதைக்குள் பச்சையாக ஒரு முளைக்குருத்து இருக்கும், கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. நெஃபெரின், லியன்சினின் என்ற ஆல்கலாய்டுகள் கூடிக்கிடக்கும் இடம் அது. சீன வைத்தியத்தில் நெஞ்சுப் படபடப்புக்கும் தூக்கத்துக்கும் தனியாக உலர்த்தி, தேநீராகக் கொடுப்பது அந்தக் குருத்தைத்தான். கிண்ணத்தில் தேடினேன், ஒன்றுகூட இல்லை.

“நடுவுல ஏதோ பச்சையா இருந்திச்சி தம்பி, வாயில வைக்க முடியல. எல்லாத்தையும் பிச்சி செடிக்குப் போட்டுட்டேன்.”